கடுவவும் குப்பியும்: பொறியியல் படிக்க வந்து ஆங்கிலம் கதைத்த கதை

முதல் வாரம். பெரிய விரிவுரை மண்டபம். லெக்சரர் ஒரு மணித்தியாலம் பேசி முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, ஏதாவது கேள்வி இருக்கா என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். நூறு பேருக்கு மேல் இருக்கிறோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் தரமும் கேட்கிறார். ஃபான் சுத்துகிற சத்தம் மட்டும் கேட்கிறது. வெளியில் வந்து படிக்கட்டில் இருந்த உடனே ஒருத்தன் தொடங்கினான்: "மச்சான், அந்த ரெண்டாவது சமன்பாட்டில அவர் ஏன் உராய்வை விட்டவர்?" அருமையான கேள்வி. உள்ளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதை ஆங்கிலத்தில் எப்படித் தொடங்குவது என்று அவன் யோசித்து முடிப்பதற்குள் லெக்சர் முடிந்துவிட்டது.

இதை எங்கள் குறை என்றுதான் கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தோம். இணைந்த கணிதத்திலும் பௌதிகத்திலும் நல்ல பெறுபேறு எடுத்து, ஊரில் பதாகை கட்டுமளவுக்குப் பேர் வாங்கி வந்த ஆக்கள், ஒரு வசனம் கதைக்க முடியாமல் மேசையைப் பார்த்துக்கொண்டு இருப்பது வெட்கமான விஷயம்தானே. வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். "எங்கட காலத்தில எட்டாம் வகுப்புப் படிச்சவனே இங்கிலிஸ் வெட்டி விழுத்துவான்" என்று சொல்ல ஒரு பெரியப்பா எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். பெரியப்பா சொல்வது பொய் இல்லை. ஆனால் அவர் சொல்லாமல் விடுகிற பாதிக் கதை ஒன்று இருக்கிறது. அதைத் தேடிப் போனபோதுதான் அந்த மண்டபத்து மௌனம் எங்களோடு தொடங்கியதில்லை என்று விளங்கியது.

மருதானையில் 1893இல் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியபோது, ஆங்கிலம் கதைக்கத் தெரியாத பொறியியல் மாணவர் என்ற பிரச்சினையே இருக்கவில்லை. அப்படிப்பட்டவர் அந்த வாசலுக்கு வந்து சேர வழியில்லை. ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்குக் காசு கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைகளும், மிஷன் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருந்த ஊர்ப் பிள்ளைகளும்தான் வருவார்கள். மற்றவர்களுக்குச் சுயமொழிப் பள்ளிக்கூடம், அதற்குப் பிறகு வயல் அல்லது கடல். 1906இல் தொடங்கிய இலங்கைப் பொறியியல் சங்கமும் ஆங்கிலத்தில்தான் இயங்கியது. மருதானையில் படித்த டி. ஜே. விமலசுரேந்திர, 1918இல் அந்தச் சங்கத்தின் முன்தான் எங்கள் மலையாறுகளில் இருந்து மின்சாரம் எடுக்கலாம் என்ற கட்டுரையை வாசித்தார். அன்றைய அதிகாரிகள் அதை இழுத்தடித்தார்கள். லக்ஷபான மின்சாரம் வர 1950 ஆனது. ஆங்கிலம் வந்தால் எல்லாக் கதவும் திறக்கும் என்று எங்களுக்குப் புத்தி சொல்கிறவர்கள் இந்தக் கதையையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

பெரியப்பா இந்த இடத்தில் பேராசிரியர் அழகையா துரைராஜாவின் பெயரைச் சொல்லுவார். சரியான உதாரணம்தான். வடமராட்சிப் பிள்ளை, ஹார்ட்லிக் கல்லூரி மாணவன், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துக் கேம்பிரிட்ஜ் போனவர். களிமண் எப்படி நெகிழ்ந்து விட்டுக்கொடுக்கிறது என்பது பற்றி ரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோரோடு சேர்ந்து 1963இல் அவர் எழுதிய கட்டுரை இன்றைக்கும் மண்பொறியியல் புத்தகங்களில் வருகிறது. பிறகு எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். ஆனால் ஹார்ட்லியில் அவர் படித்த காலத்தில் அது ஆங்கிலப் பள்ளிக்கூடம். கணிதமும் ஆங்கிலத்தில், அடி வாங்குவதும் ஆங்கிலத்தில். அவருடைய மூளை எங்களுக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மொழி விஷயத்தில் அவரையும் எங்களையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை.

ஆங்கிலத்தில்தான் இதெல்லாம் படிப்பிக்க முடியும் என்ற எண்ணத்தை அதற்கும் நூறு வருஷத்துக்கு முன்னமே மானிப்பாயில் ஒருவர் மறுத்துக் காட்டியிருந்தார். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். 1847இல் வந்தவர், முதலில் ஆங்கிலத்தில்தான் வைத்தியம் படிப்பித்தார். படித்த பெடியள் அரசாங்க வேலை தேடி வேறு இடங்களுக்குப் போனார்கள், ஊரில் வைத்தியர் இல்லை. அதனால் தமிழுக்கு மாறினார். 1864இல் இருந்து அவருடைய வகுப்பு தமிழில் நடந்தது. உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவ வைத்தியம் என்று ஆயிரக்கணக்கான பக்கங்கள் தமிழில் வந்தன. சொல் இல்லாத இடத்தில் சொல்லை உருவாக்கினார்கள். தமிழில் படித்தவர்கள் ஊரில் இருந்தார்கள். கிறீன் 1873இல் திரும்பிப் போனபின் அந்த முயற்சி நீண்டகாலம் நிலைக்கவில்லை. மொழியை மாற்றினால் படித்தவன் எங்கே போவான் என்பதும் மாறும் என்று அவர் கண்டது, இன்றைக்கு அவுஸ்திரேலியாவுக்கும் வளைகுடாவுக்கும் போன எங்கள் சீனியர்மாரை நினைக்கும்போது சும்மா கடந்துபோகக் கூடியதாக இல்லை.

சரி, அந்த மௌனம் எப்போது தொடங்கியது?

1945இல் இலவசக் கல்வி வந்தது. அதை ஒட்டி ஆரம்ப வகுப்புகள் தாய்மொழிக்கு மாறின, மாற்றம் மெல்ல மெல்ல மேல் வகுப்புகளுக்கு ஏறியது. 1960 அளவில் சிங்களத்திலும் தமிழிலும் படித்த பிள்ளைகள் பேராதனைக் கலைப்பீடத்துக்குள் வந்துவிட்டார்கள். விஞ்ஞானப் பாடங்கள் கொஞ்சம் பிந்தி அதே வழியில் வந்தன. இது பெரிய விஷயம். இந்த மாற்றம் வந்திராவிட்டால் இதை எழுதுகிற எங்களில் முக்கால்வாசிப் பேர் கம்பஸ் வாசலைக் கண்டிருக்க மாட்டோம். எங்கள் அம்மம்மாமார் கையெழுத்து வைக்கவே கஷ்டப்பட்டவர்கள்.

மற்றப் பக்கத்தில், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 1950இல் கொழும்பில் தொடங்கி, 1964இல் பேராதனைக்குப் போனது. அதன் முதல் பேராசிரியர்களுக்கும் புத்தகங்களுக்கும் ஆங்கிலம்தான் மொழி. கட்டுபெத்தையில் 1966இல் இலங்கைத் தொழில்நுட்பவியற் கல்லூரி வந்தது, 1972இல் அது பல்கலைக்கழக வளாகமாகியது, 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் ஆகியது. பெயர்கள் மாறின, பட்டத்தின் மொழி ஆங்கிலமாகவே நின்றது. பள்ளிக்கூடத்தைத் தாய்மொழிக்கு மாற்றியவர்களும் பொறியியலை ஆங்கிலத்தில் வைத்தவர்களும் தங்கள் தங்கள் பக்கத்துக்கு நல்ல காரணம் வைத்திருந்தார்கள். நடுவில் இருந்த இடைவெளிக்குத்தான் சொந்தக்காரர் இல்லை. அதைத் தாண்டுகிற வேலை இருபது வயதுப் பிள்ளைகளின் தலையில் வந்து விழுந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பட்சும் அதைத் திரும்பத் திரும்பத் தனியாகத் தாண்டிக்கொண்டிருக்கிறது.

அந்த இடைவெளி எவ்வளவு அகலம் என்று காட்ட எங்கள் பாடப்புத்தகத்துச் சொற்களைப் பார்த்தால் போதும். ஆர்முடுகல். அமர்முடுகல். திணிவு, உந்தம், தகைப்பு, விகாரம், சடத்துவத் திருப்பம். தமிழ்நாட்டு நண்பர்களுக்கு ஆர்முடுகல் என்று சொன்னால் ஏதோ ஊர்ப் பேர் என்று நினைக்கிறார்கள். எங்களுக்கு அது உடம்போடு ஊறின சொல். பஸ் திடீரென்று வேகம் எடுக்கும்போது பின்னுக்குச் சாய்கிறோமே, அந்த உணர்வுக்கு எங்களிடம் இருக்கிற பேர் அதுதான். சொல்லுக்கும் பொருளுக்கும் இடையில் கல்லில்லாத றோட்டு. இந்தச் சொற்களை உருவாக்கிய கலைச்சொல் குழுக்கள் உண்மையிலேயே உழைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த உழைப்பு உயர்தரத்தோடு நின்றுவிடுகிறது. கம்பஸில் முதல் நாள் "மொமென்ட் ஒஃப் இனேர்ஷியா" என்று போர்ட்டில் எழுதும்போது, இது எங்களுக்கு நல்லாத் தெரிந்த சடத்துவத் திருப்பம்தான் என்று கண்டுபிடிக்கவே சிலருக்கு ஒரு கிழமை போயிருக்கிறது. தெரிந்த ஆளை முகமூடியோடு சந்திக்கிற மாதிரி.

இந்த இடத்தில் 1971ஐச் சொல்லாமல் போக முடியாது. தரப்படுத்தல் என்றால் எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். 1969-70இல் பொறியியலுக்குத் தெரிவானவர்களில் கிட்டத்தட்ட அரைவாசிப் பேர் தமிழர்கள். 1971இல் பேராதனைப் பொறியியலுக்குச் சிங்களத்தில் பரீட்சை எழுதியவருக்கு வெட்டுப்புள்ளி 227, தமிழில் எழுதியவருக்கு 250. எந்த மொழியில் எழுதினாய் என்பதை வைத்து உள்ளே யார், வெளியே யார் என்று தீர்மானித்தார்கள். அந்த 23 புள்ளியில் எத்தனை பேருடைய வாழ்க்கை வேறு பக்கம் திரும்பியது, அதிலிருந்து என்னவெல்லாம் வந்தது என்பது வேறொரு கட்டுரை, இன்னும் பல கட்டுரை. எங்கள் கண்ணில் படுவது அதற்குள் இருக்கிற ஒரு சின்ன விஷயம். 227க்கு வந்தவரும் 250க்கு வந்தவரும், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு, ஒரே ஆங்கிலப் புத்தகத்தின் முன்னால்தான் போய் இருக்க வேண்டும். பிள்ளைகளைப் பிரிப்பதற்கு அவ்வளவு நுணுக்கமாகப் பயன்பட்ட மொழி, உள்ளே வந்த பிறகு படிப்பிக்கப் பயன்படவில்லை. கதவில் மட்டும் சிங்களமும் தமிழும் தேவைப்பட்டது.

உள்ளே இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பயம் இருந்தது. அதற்குச் சிங்கள மாணவர்கள் வைத்த பேர் "கடுவ". வாள் என்று அர்த்தம். ஆங்கிலத்துக்கு அந்தப் பேர். வாள் வைத்திருப்பவன் வெட்டுவான், மற்றவன் வெட்டுப்படுவான். கிராமத்தில் இருந்து வந்தவர்களை ஒரே சொல்லால் வெட்டிச் சாய்க்கிற கொழும்புக்காரரை நினைத்து வந்த பேர். பேராதனையில் ஆங்கிலம் படிப்பித்த திரு கந்தையா 1984இல் இந்தச் சொல்லைத் தலைப்பாக வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். எங்கள் பக்கத்தில் அவ்வளவு கூர்மையான பேர் இல்லை. "ஓ, பெரிய வெள்ளைக்காரன்" என்று ஒரு நக்கல் இருக்கிறது. வேலை ஒன்றுதான்.

கடுவ இரண்டு பக்கமும் வெட்டும் என்பதை முதலாம் வருஷத்தில் கண்டுகொண்டோம். பிழையாகக் கதைத்தால் நன்றாகக் கதைப்பவர்கள் சிரிப்பார்கள். சரியாகக் கதைத்தால் எங்கட பெடியளே சிரிப்பார்கள். ராகிங் காலத்தில் ஆங்கிலம் கதைத்ததற்காகப் பேச்சு வாங்கியவர்கள் பல கம்பஸ்களிலும் இருக்கிறார்கள். எங்கள் பட்சில் ஒரு பிள்ளை, கண்டியில் ஆங்கில மொழிமூலம் உயர்தரம் படித்தவள். முதல் மாதத்திலேயே தன்னுடைய ஆங்கிலத்தை ஒளித்து வைக்கப் பழகிக்கொண்டாள். வேண்டுமென்றே தடக்கித் தடக்கிக் கதைத்தாள். ஒருவரும் அவளிடம் அதைக் கற்றுக்கொள்ளவில்லை, அவளும் மூன்றாம் வருஷம் வரை வாயைத் திறக்கவில்லை. இதில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிப்பித்த சுரேஷ் கனகராஜா, 1990களின் தொடக்கத்தில் தன்னுடைய கலைப்பீட மாணவர்களின் பாடப்புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தார். அமெரிக்கப் புத்தகம். ஓரமெல்லாம் மாணவர்கள் கீறிய படங்களும் தமிழ்க் குறிப்புகளும். வகுப்பில் வாய் திறக்காதவர்கள் புத்தக ஓரத்தில் நிறையப் பேசியிருந்தார்கள். அந்த மௌனத்துக்குள் ஒரு எதிர்ப்பும் இருக்கிறது என்று அவர் எழுதினார். எங்கள் மௌனம் எல்லாம் எதிர்ப்பு என்று சொல்லிப் பெருமைப்பட நாங்கள் தயாரில்லை, பாதிக்குமேல் வெறும் பயம்தான். ஆனாலும் ஓரத்தில் எழுதுகிற பழக்கம் எங்களுக்கும் இருந்தது.

அரசாங்கம் சும்மா இருந்தது என்றும் சொல்ல முடியாது. 1980களில் புதுமுக மாணவர்களுக்கு கெல்ட் என்ற ஆங்கிலப் பயிற்சி வந்தது. பீடங்களில் ஆங்கிலக் கற்பித்தல் அலகுகள் இருக்கின்றன. 2001இல் இருந்து சில பள்ளிக்கூடங்களில் உயர்தரத்தை ஆங்கிலத்தில் படிக்கலாம் என்றார்கள். எல்லாவற்றிலும் நல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள். ஆனால் எங்களுக்குக் கிடைத்ததில் பெரும்பகுதி காலம், செயப்பாட்டு வினை, வெற்றிடத்தை நிரப்புக. ஐந்தாம் வகுப்பில் இருந்து நிரப்பி வந்த அதே வெற்றிடங்கள்.

உண்மையில் எங்களைக் கரை சேர்த்தது குப்பி.

வெளியில் இருப்பவர்களுக்காக: குப்பி என்றால் மாணவர்கள் மாணவர்களுக்கு எடுக்கிற வகுப்பு. இலங்கையில் எந்தக் கம்பஸுக்குப் போனாலும், எந்த மொழிக்காரரைக் கேட்டாலும், இந்தச் சொல் விளங்கும். போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்ட குப்பி விளக்கில் இருந்து வந்த பேர் என்று சீனியர்மார் சொல்வார்கள். ஒரு பெரிய வெளிச்சம் இல்லாத இடத்தில் ஒரு சின்ன வெளிச்சத்தைச் சுற்றி இருந்து படிப்பது. 1990களில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்து வந்த அண்ணாமாருக்கு இந்தப் பேரை ஒருவரும் விளக்கியிருக்கத் தேவையில்லை.

பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது குப்பி சூடு பிடிக்கும். விடுதிப் பொது அறை, இரவு எட்டு மணி. நாலு பாடம் சரியாக விளங்கிய ஒரு அண்ணா வெள்ளைப் பலகைக்கு முன் நிற்பார். "இஞ்ச பாருங்கோ, இந்த பீமில லோட் நடுவில வந்தா பெண்டிங் மொமென்ட் எங்க மெக்ஸிமம்? சப்போர்ட்டில ஏன் வராது? ஒராள் வந்து டயக்ரமைக் கீறுங்கோ பாப்பம்." விரிவுரை மண்டபத்தில் சிலையாக இருந்த நாங்கள் குப்பியில் அண்ணாவை மறித்து மறித்துக் கேட்போம். சண்டை பிடிப்போம். விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்வோம். இரவு பன்னிரண்டுக்கு யாரோ ஒருத்தி பிளேன் ரீ போட்டுக்கொண்டு வருவாள். இலங்கையில் பொறியியல் உண்மையாகப் படிக்கப்படுகிற மொழி எது என்று யாராவது ஆராய்ச்சி செய்ய வந்தால் இந்த அறைக்கு வரவேண்டும். கொழும்பு வீதி ஒன்றில் சிங்கள நண்பர்களுடைய குப்பியும் இப்படித்தான், வினைச்சொல் மட்டும் வேறு.

வினைச்சொல் என்று சொன்னது சும்மா இல்லை. குப்பிக்குள் கனநாள் இருந்த பிறகுதான் எங்களுடைய ஆங்கிலத்தில் என்ன பிழை என்று கண்டுபிடித்தோம். மேலே அண்ணா சொன்னதைத் திரும்பப் பாருங்கள். பீம், லோட், மொமென்ட், சப்போர்ட், டயக்ரம். பெயர்ச்சொல் எல்லாம் ஆங்கிலம். வரும், வராது, கீறு, வை, எடு, விடு எல்லாம் தமிழ். நாலு வருஷத்தில் ஆயிரம் ஆங்கிலச் சொல் எங்களுக்கு வந்துவிடும். அவற்றைக் கட்டி நிறுத்துகிற வினைச்சொல் இருபதும் வராது. எழுத்துப் பரீட்சையில் இது தெரியாது. சமன்பாடு, படம், கீழே இரண்டு மொட்டை வசனம் போதும். வைவாவில் நேருக்கு நேராக இருந்து "நீ ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்டால்தான் விழுந்துபோகிறோம். கட்டடத்துக்குக் கல்லும் கம்பியும் இறக்கியாகிவிட்டது, சீமெந்து வரவில்லை.

தென்பகுதிக் கம்பஸுக்குப் போன தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சுமை இருக்கிறது. அங்கே குப்பி சிங்களத்தில் நடக்கும். தமிழ்ப் பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்து தனிக் குப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சிங்களம் பழக வேண்டும். பயிற்சிக்குப் போன கட்டடத் தளத்தில் மேசன்பாஸோடு சிங்களம், பொறியியலாளரோடு ஆங்கிலம், இரவு அம்மாவோடு தமிழ். ஆனால் ஒரு நன்மையும் நடந்திருக்கிறது. செய்முறைக் குழுவில் ஒரு சிங்களப் பெடியனும் ஒரு தமிழ்ப் பெடியனும் மாட்டிக்கொண்டால் இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது உடைந்த ஆங்கிலம் மட்டும்தான். இரண்டு பேருக்கும் கடுவ இல்லை. அதனால் சிரிக்கவும் ஆளில்லை. எங்கள் நண்பர்கள் பலர் ஆங்கிலம் கதைக்கப் பழகியது அப்படித்தான், ஒரு மல்டிமீற்றரை நடுவில் வைத்துக்கொண்டு. போருக்குப் பிறகு கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் வந்தபோது இதே கதை திசை மாறி நடந்தது. தெற்கில் இருந்து வந்த பிள்ளைகள் இரணைமடுப் பக்கம் கடையில் தமிழில் தேத்தண்ணி கேட்கப் பழகினார்கள்.

இப்போது கதைப்பது கட்டாயமாகிவிட்டது. 2014இல் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. எங்கள் பட்டத்தை வெளிநாட்டில் ஏற்கிறார்கள். பொறியியல் பட்டதாரிக்கு இருக்க வேண்டியவை என்று அந்த உடன்படிக்கை சொல்கிறவற்றில் தொடர்பாடலும் ஒன்று. அதனால் பிரசன்டேஷன், வைவா, குழு அறிக்கை எல்லாவற்றுக்கும் புள்ளி. நல்லதுதான். ஆனால் புள்ளி போடுகிறவர்கள் பிள்ளை எங்கே இருந்து தொடங்கியது என்று பார்ப்பதில்லை. குழுவில் நன்றாக ஆங்கிலம் கதைக்கிற ஒருவர் முன்னால் நிற்பார், நாலு மாதம் கணக்குப் பார்த்தவர் ஸ்லைட் மாற்றுவார். அந்தக் கணக்குக்காரர் எத்தனை பேர் வேலை நேர்முகத்திலும் அதே இடத்தில் நின்றார்கள் என்று எங்களுக்குத் தெரியும், அவர்கள் எங்கள் நண்பர்கள்.

எங்கள் கடைசி வருஷத்தில் இளையவர்களுக்கு எடுத்த குப்பியில் ஒரு மாற்றம் செய்துபார்த்தோம். பாடம் பழையபடி தமிழில். கடைசி அரை மணித்தியாலம் மட்டும் ஒவ்வொருவரும் ஒரு கேள்வியை முதலில் தமிழில் கேட்க வேண்டும், பிறகு அதன் வினைச்சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் தேட வேண்டும். விடு, கூட்டு, கழி, தாங்கு, வழுக்கு. மற்றச் சொல்லெல்லாம் தானே தெரியும். சிரிக்கிறவர் அடுத்த நாள் எல்லாருக்கும் ரோல்ஸ் வாங்கித் தர வேண்டும். முதல் கிழமை ரோல்ஸுக்குக் குறைவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்தப் பட்சில் ஒரு தங்கச்சி விரிவுரை மண்டபத்தில் கையைத் தூக்கினாளாம். "சேர், வை யூ இக்னோர் த ஃபிரிக்ஷன்?" வசனத்தில் ஒரு சொல் குறைகிறது. லெக்சரர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, போர்ட்டுக்குத் திரும்பி, உராய்வையும் சேர்த்து அந்தச் சமன்பாட்டை மறுபடி எழுதத் தொடங்கினாராம்.